கூறை உடுக்க இன்னும் 18 கிழமை

கேள்வி: எனக்கு வயது 27. ஊர் ஆரையம்பதி. மட்டக்களப்பு டவுனில் ஒரு வங்கியில் வேலை. ஆவணிக் கடைசியில் கலியாணம். உயரம் 157 சென்ரிமீற்றர், எடை 71 கிலோ. கலியாணத்துக்கு முதல் 52 கிலோவுக்கு வந்துவிட வேண்டும் என்று தை மாதம் ஜிம்மில் சேர்ந்தேன். இரண்டு கிழமையோடு நின்றுவிட்டது. விடிய 5 மணிக்கு அலாரம் வைக்கிறேன், அடித்ததும் நிறுத்திவிட்டுப் படுக்கிறேன். தெருவில் நடக்கப் போனால் எல்லோரும் பார்க்கிறார்கள், நாய்களும் துரத்துகின்றன. இரவுச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தேன். பத்து மணிக்குப் பசி தாங்காமல் ஒரு பக்கற் பிஸ்கட் முடிந்துவிடுகிறது. ஆர்வம் வரட்டும் என்று கலியாணப் பிளவுஸை ஓர் அளவு சின்னதாகத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். மெலிவதற்கான தேயிலை ஒன்றும் இணையத்தில் வாங்கிக் குடிக்கிறேன். மாதவிலக்கும் ஒழுங்கில்லை. மாப்பிள்ளை தம்பிலுவிலில் ஆசிரியர். அவர் என் உடம்பைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. அவர்கள் பக்கத்துப் பெரியம்மா ஒருவர்தான் "பொம்பிளை கொஞ்சம் பாரம்" என்று சொன்னாவாம். நான் இவ்வளவு சோம்பேறியா? முதல் நாள் இருந்த ஆர்வத்தைக் கலியாணம் வரைக்கும் எப்படித் தக்கவைப்பது?

பதில்:

அன்பு மகளுக்கு,

முதலில் அந்தச் சோம்பேறி என்ற சொல்லைக் கீழே வைப்போம். பகல் முழுக்க வங்கி, பின்னேரம் கலியாண அலுவல், இரவு பட்டினி. இப்படி இருக்கும் ஓர் உடம்பு விடிய 5 மணிக்கு எழும்ப மறுத்தால் அது களைத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். இருபது வருடத்துக்கு மேலாகப் பிசியோதெரபி செய்கிறேன். முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்தவர்களையும் பாரிசவாதம் வந்தவர்களையும் நாளுக்கு நாள் எழுப்பி நடக்கவைப்பதுதான் என் வேலை. ஆர்வத்தோடு எழும்பி நடந்தவர்களை அதில் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். எழும்பி நடந்த பிறகு ஆர்வம் வந்தவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் ஆரையம்பதி என்றபடியால் இதைச் சொல்கிறேன். ஆனி பிறந்தால் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் உங்கள் ஊர் வீதியால்தான் போவார்கள். செல்வச்சந்நிதியில் இருந்து வருகிறவர்கள், வெருகலில் சேர்ந்தவர்கள், மாமாங்கத்தில் தங்கி எழும்பியவர்கள். அதில் நிறையப் பேர் வயதான பெண்கள். நானும் ஒரு வருடம் பொத்துவிலில் இருந்து அவர்களோடு நடந்தேன். உகந்தை தாண்டி மூன்றாம் நாள் விடிய எனக்குக் கால் கொப்புளம், எழும்பவே மனமில்லை. பக்கத்தில் படுத்திருந்த ஓர் ஆச்சி பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, "எழும்பு பிள்ளை, வெயில் ஏறமுதல் அடுத்த தண்ணியைப் பிடிக்க வேணும்" என்றா. அவ்வளவுதான் சொன்னது. எனக்கு விருப்பமா, தெம்பா என்று கேட்கவில்லை. எழும்பினேன். அரை மணித்தியாலம் நடந்த பிறகு விருப்பம் தானாக வந்து சேர்ந்தது.

அந்தக் கூட்டத்தில் யாரும் கதிர்காமம் இன்னும் எத்தனை மைல் என்று கேட்க மாட்டார்கள். இன்றைக்கு எங்கே தங்குவது என்பதுதான் பேச்சு. யாருடைய மனநிலையையும் நம்பி அந்த நடை ஓடுவதில்லை. நேரம் குறித்திருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறது, அன்றைக்கான தூரம் நடந்து முடிக்கக்கூடியதாக இருக்கிறது. உங்களுடைய ஜிம்மில் இந்த மூன்றும் இருக்கவில்லை. தனியாகப் போனீர்கள், கிடைத்த நேரத்தில் போனீர்கள், 19 கிலோ என்ற மலையைப் பார்த்துக்கொண்டு போனீர்கள்.

அந்த 19 கிலோவைப் பற்றி நேராகவே பேசிவிடுகிறேன். இன்றைக்கு எண்ணினால் ஆவணிக் கடைசிக்குச் சுமார் 18 கிழமை. உடம்பைக் கெடுக்காமல் கிழமைக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ குறையலாம் என்பது மருத்துவ உலகம் பொதுவாக ஒத்துக்கொண்ட கணக்கு. 19 கிலோ என்றால் அந்த மேல் எல்லையையும் தாண்டி ஓட வேண்டும், அதுவும் ஒரு கிழமைகூடத் தவறாமல். கலியாண வீடு, காய்ச்சல், விருந்து ஒன்றும் குறுக்கே வராமல் யாருக்கும் 18 கிழமை போகாது. நான் உங்களுக்குக் குறிப்பது 5 முதல் 7 கிலோ. குறைவாகத் தெரிகிறதா? உடம்பின் எடையில் நூற்றுக்கு ஐந்து, உங்களுக்கு மூன்றரைக் கிலோ, குறைந்தாலே இரத்த அழுத்தமும் சீனியும் நல்ல பக்கம் திரும்பத் தொடங்கும். மாதவிலக்கும் பலருக்கு அதோடு சீராகிறது.

தராசை ஒவ்வொரு நாளும் ஏற வேண்டாம். தண்ணீர், உப்பு, மாதவிலக்கு நாட்கள் என்று எத்தனையோ காரணத்தால் அது ஒரு கிலோ மேலும் கீழும் ஆடும். அதைப் பார்த்துத்தான் பாதிப்பேர் மனம் விடுகிறார்கள். கிழமைக்கு ஒருநாள், ஞாயிறு விடிய, ஒரு தையல் நாடாவால் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து கலண்டரில் எழுதுங்கள். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது அளவுகோல். தராசு அசையாமல் நிற்கும் கிழமைகளிலும் நாடா இறங்கும். நடக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

இப்போது அந்தப் பிளவுஸ். நாளைக்கே தையல்காரரிடம் போய், இன்றைய அளவுக்கே தைத்து, இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டுவைக்கச் சொல்லுங்கள். கலியாணத்துக்கு இரண்டு கிழமை முதல் போட்டுப் பார்த்து, உள்ளே பிடித்துத் தைக்கலாம். பிடிக்கிறது அரை மணித்தியால வேலை. சின்னதாகத் தைத்ததைப் பெருப்பிக்க முடியாது. அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் நீங்கள் தோற்றுக்கொண்டிருப்பதாகச் சொல்லும் ஒரு துணி அங்கே தொங்க வேண்டாம். பயமும் வெட்கமும் ஒரு கிழமைக்குத் துரத்தும், அதன் பிறகு இரவு பத்து மணிக்குப் பிஸ்கட் பக்கற்றிடம்தான் கொண்டுபோய் விடும்.

சரி, எங்கே தொடங்குவது?

பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். ஒரு மணித்தியாலம் வேண்டாம், அரை மணித்தியாலமும் வேண்டாம். முதல் இரண்டு கிழமையும் நாளுக்குப் பத்து நிமிட நடை. நடந்து முடித்து இன்னும் நடக்கலாம் போல இருந்தாலும் வீட்டுக்கு வாருங்கள். அந்த மிச்சம்தான் அடுத்த நாள் உங்களை வெளியே கூட்டிக்கொண்டு வரும். மூன்றாம் கிழமை பதினைந்து, பிறகு இருபது என்று கூட்டி, வைகாசி முடிய முப்பது நிமிடத்தில் நிற்போம். கிழமையில் ஐந்து நாள் முப்பது நிமிடம் நடந்தால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான். வேகம் எப்படி என்றால், கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது.

நேரம் விடிய 5 மணி என்று யார் சொன்னது? உங்களுக்கு அது ஒத்துவரவில்லை, விட்டுவிடுங்கள். வங்கியால் வந்து ஸ்கூட்டியை நிறுத்தியதும், முகம் கழுவி உடுப்பு மாற்றி, கதிரையில் உட்காரும் முன் வெளியே போங்கள். உட்கார்ந்தால் போச்சு, நானும் அப்படித்தான். வீட்டுக்கு வருவது எப்படியும் நடக்கும் ஒரு காரியம், அதன் வாலில் நடையைக் கட்டிவிடுகிறோம். சப்பாத்தை வாசல் படியிலேயே வையுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது பின்னேரமும் வெக்கையாக இருக்கும். அந்த நாட்களில் பொழுது பட்ட பிறகு, வெளிச்சமுள்ள வீதியில் நடக்கலாம்.

ஆட்கள் பார்ப்பதும் நாய்களும் உண்மையான தடைகள். பெண்பிள்ளை தனியாக நடந்தால் நம் ஊரில் நாலு கண் திரும்பத்தான் செய்யும். அதற்கு நான் கண்ட மருந்து துணை. அம்மாவையோ மச்சாளையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூட்டுங்கள். அம்மாவுக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும், அவவுக்கும் இது வேண்டும். இரண்டு பேர் நடந்தால் அது ஊருக்குக் கோயிலுக்குப் போகிற மாதிரித்தான் தெரியும், கையில் ஒரு குடை இருந்தால் நாயும் கிட்ட வராது. சனி, ஞாயிறில் கல்லடிக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். விடியவும் பின்னேரமும் எத்தனை பெண்கள் நடக்கிறார்கள் என்று கண்டால் கூச்சம் பாதி போய்விடும். ஈர மணலில் நடங்கள், காய்ந்த மணல் கணுக்காலைப் பிடிக்கும்.

இன்னொரு துணையும் உங்களுக்கு இருக்கிறது. மாப்பிள்ளையிடம் கேளுங்கள். அவர் தம்பிலுவிலில் கடற்கரையால் நடக்கட்டும், நீங்கள் ஆரையம்பதியில் நடங்கள், அந்த நேரத்தில்தான் தொலைபேசிப் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் நாளுக்கு ஒருதரம் கதைப்பீர்கள்தானே. காதில் மாட்டிக்கொண்டு கதைக்கும்போது வாகனம் வரும் சத்தம் கேட்கிற மாதிரி ஒரு பக்கத்தை மட்டும் மாட்டுங்கள்.

நடை மட்டும் போதாது. இந்த இடத்தில் என் தொழில் பேசும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கலியாணத்தன்று உங்கள் உடம்பு என்ன வேலை செய்யப்போகிறது என்று யோசித்தீர்களா? விடியமுதல் எழும்பித் தலையலங்காரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் அசையாமல் இருக்க வேண்டும். பட்டும் நகையும் பூவும் சேர்ந்து நல்ல பாரம். மணவறையில் சம்மணம் கட்டி, முதுகு வளையாமல், ஐயர் சொல்லும் வரைக்கும் இருக்க வேண்டும். பிறகு எழும்பி, மரத்துப்போன காலோடு வலம் வர வேண்டும். அதன் பிறகு படம் பிடிக்கிறவர்களுக்காக மணிக்கணக்கில் நிற்க வேண்டும், அதுவும் குதி உயர்ந்த செருப்போடு. கலியாணம் முடிந்த கிழமை முதுகு பிடித்து என்னிடம் வந்த பொம்பிளைகளும் உண்டு, மாப்பிள்ளைகளும் உண்டு. எடையைக் குறைக்கும் ஆசையில் இந்த நாளுக்கு உடம்பைத் தயார்செய்ய எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே கிழமையில் இரண்டு நாள், வீட்டுக்குள்ளே, பதினைந்து நிமிடம். கையில்லாத ஒரு கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத்தரம் எழும்பி இருங்கள். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை நேராக வைத்துக்கொண்டு சுவரை நோக்கிப் போய் வருவது பத்துத்தரம். நிமிர்ந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மெதுவாக உயர்த்தி ஐந்து எண்ணி இறக்குவது பத்துத்தரம். தண்ணீர் நிறைந்த இரண்டு ஒன்றரை லீற்றர் போத்தல்களைக் கையில் பிடித்து, குனிந்து முழங்கையைப் பின்னால் இழுப்பது பத்துத்தரம். கொஞ்சம் ஓய்வு எடுத்து எல்லாவற்றையும் இன்னொரு முறை. மூச்சை அடக்க வேண்டாம். பிறகு நிலத்தில் பாய் விரித்துச் சம்மணம் கட்டி இருந்து பழகுங்கள், முதலில் ஐந்து நிமிடம், ஆடி மாதத்தில் இருபது நிமிடம். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டும் இருக்கலாம், முதுகு நிமிர்ந்திருந்தால் போதும். ஆறு கிழமையில் தோள் பின்னால் போய்க் கழுத்து நீண்டு தெரியும். படத்தில் மெலிவாகத் தெரிவதில் பாதி அந்த நிமிர்வுதான்.

சாப்பாட்டில், இரவை விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். பகல் சோற்றோடு அடுத்த விடியும் வரை வயிற்றைக் காயப்போட்டால் பத்து மணிக்கு அது இனிப்பைத்தான் கேட்கும். உங்கள் மனவுறுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏழு, ஏழரைக்குள் சின்னதாகச் சாப்பிடுங்கள். மூன்று இடியப்பம், மீன் சொதி, ஒரு சுண்டல் என்றால் போதும். அவித்த கடலை, கௌபி, பயறும் நல்லது. பகல் கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு மீன் அல்லது பருப்பு அல்லது முட்டை, மிச்சக் கால் பங்கு சோறு. நம் பக்கத்தில் இது தலைகீழாகத்தான் இருக்கும், முக்கால் சோறு. மீனுக்கு வாவியும் கடலும் இருக்கிற ஊரில் இருக்கிறோம், பொரிக்காமல் குழம்பாகவோ சுட்டோ சாப்பிடுவோமே. தயிரை விட வேண்டாம், அதற்கு மேல் போடும் சீனியையும் பாணியையும் விடுங்கள்.

ஒரேயொரு மாற்றம்தான் செய்வேன் என்றால் தேத்தண்ணீரைப் பிடியுங்கள். வங்கியில் இரண்டு, வீட்டில் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி என்றால் நாளுக்குப் பன்னிரண்டு கரண்டி சீனி. கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்தால் 60 கிராம், 240 கலோரி. உங்கள் எடையுள்ள ஒருவர் ஒரு மணித்தியாலம் நடந்து எரிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள், நாக்குக்கே தெரியாது.

இனிக் கலியாணம் சொல்லப் போகும் வீடுகள் இருக்கின்றன. எல்லா வீட்டிலும் தட்டத்தில் கேக்கும் பலகாரமும் வரும், வேண்டாம் என்றால் மனம் நோகும். ஒன்றை எடுத்து, ஆறுதலாகச் சாப்பிட்டு, "இரண்டாவதை அம்மாவுக்கு எடுத்துக்கொண்டு போறன் மாமி" என்று சொல்லிப் பாருங்கள். அவவுக்கும் சந்தோஷம்.

அந்த மெலிவுத் தேயிலையை இன்றைக்கே நிறுத்துங்கள். இந்த வகைத் தேயிலைகள் பலவற்றில் இருப்பது நிலவாகை, பேதிக்குக் கொடுக்கும் இலை. அதனால் தண்ணீரும் மலமும் போய்த் தராசு இறங்கும், கொழுப்பு ஒரு கிராமும் குறையாது. தொடர்ந்து குடித்தால் உடம்பில் உப்புச் சமநிலை குழம்பும், குடல் தானாக வேலை செய்வதை மறக்கும். மெலிவு மாத்திரைகள் இன்னும் மோசம். இருதயத்துக்கு ஆபத்து என்று 2010 இல் சந்தையில் இருந்து எடுக்கப்பட்ட சிபுற்றமின் என்ற மருந்து, மூலிகை என்று விற்கப்பட்ட பொருட்களுக்குள் ஒளிந்திருந்ததை அதன் பிறகும் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மாதவிலக்கைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமாகப் பட்டது அதுதான். ஒழுங்கில்லாத மாதவிலக்கு, எடை கூடுதல், காலையில் எழும்ப முடியாத களைப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் தைரொயிட் குறைபாடு, சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினை, இரத்தச்சோகை இவற்றைப் பார்க்காமல் விடக்கூடாது. அப்படி ஏதும் இருந்தால் நீங்கள் எவ்வளவு பாடுபட்டாலும் பலன் மெதுவாகத்தான் வரும். அதை உங்கள் குறை என்று நினைத்துக்கொண்டே இருப்பீர்கள். இந்தக் கிழமையே ஒரு வைத்தியரிடம் போங்கள். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். கலியாணம் கட்டப் போகிறவர்களுக்கும் புதிதாகக் கட்டியவர்களுக்கும் எடை, இரத்த அழுத்தம், இரத்தச்சோகை பார்ப்பது, ருபெல்லாத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்ப்பது, பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு வரும் இரத்த நோயான தலசீமியாவுக்கான பரிசோதனைக்கு வழிகாட்டுவது, போலிக் அமில மாத்திரை கொடுப்பது எல்லாம் அவர்களும் குடும்ப நல உத்தியோகத்தரும் செய்கிற வேலைகள். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம். தலசீமியா இருவரையும் பார்க்க வேண்டியது.

பெரியம்மாவின் அந்த ஒரு சொல்லை நீங்கள் கடிதத்தில் எழுதிய விதத்தில் அது எவ்வளவு குத்தியிருக்கிறது என்று தெரிந்தது. எனக்கும் கோபம் வந்தது, மகள். அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்வதற்காக ஓர் உடம்பைக் கட்டினால், மணவறையில் அவ பார்த்துத் தலையாட்டியவுடன் அந்தக் காரணம் முடிந்துபோகும். அடுத்த நாள் நடப்பதற்கு ஒன்றும் இருக்காது.

தவறும் நாட்கள் வரும். லண்டனில் ஓர் ஆய்வுக்குழு 96 பேரை 12 கிழமை கவனித்து, ஒரு புதுப் பழக்கம் தானாக ஓடத் தொடங்க எவ்வளவு நாள் எடுக்கிறது என்று பார்த்தது. நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம் (12 கிழமையைத் தாண்டிய நாட்கள் கணித்துச் சொன்னவை). இடையில் ஒருநாள் விட்டவர்களுக்கு அதனால் பெரிய பின்னடைவு வரவில்லை என்பதையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். உகந்தையில் காய்ச்சலோடு படுத்தவர்கள் ஒருநாள் தங்கி, அடுத்து வரும் கூட்டத்தோடு எழும்பிப் போவதை நான் கண்டேன். அவர்களைத் திரும்பப் பொத்துவிலுக்குப் போய் முதலில் இருந்து நடக்கச் சொல்வாரில்லை. நீங்களும் திங்கள் வரட்டும், மாதம் பிறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மழையோ, வங்கியில் கணக்கு முடியப் பிந்தியதோ, அன்றைக்கு வளவுக்குள் பத்து நிமிடம் நடந்தாலும் கலண்டரில் ஒரு கோடு போடுங்கள்.

இன்னும் ஒன்று. நம் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வருகிறார். வேறு ஊர்ப் பெண்களுக்குக் கலியாணத்தோடு வீடு, தெரு, சமையல், நேரம் எல்லாம் மாறும், பழகிய நடையும் அதோடு போய்விடும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. புரட்டாதியிலும் அதே படலை, அதே ஒழுங்கை, அம்மாவும் பக்கத்தில். இப்போது நீங்கள் பழக்கும் தெருவிலேயே அவரும் உங்களோடு நடக்கலாம். ஆகவே ஆவணிக்குப் பிறகு செய்ய முடியாத எதையும் ஆவணிக்கு முன்னும் செய்ய வேண்டாம்.

இன்றைக்குப் பின்னேரம் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து, இடுப்பு அளவைக் கலண்டரில் எழுதுங்கள். நெஞ்சு வலியோ தலைச்சுற்றோ முழங்கால் வீக்கமோ கண்டால் நடையை நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். ஆனி மாதம், யாத்திரிகர் உங்கள் வீதியால் போகிற அந்தக் கிழமையில், வைத்தியர் சொன்னதையும் நாடா காட்டியதையும் எனக்கு எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு மிச்சக் கிழமைகளுக்குச் சேர்ந்து யோசிப்போம்.